வேலிக்கு வெளியே ஒரு துண்டு நிலம்

வவுனியா விமானத்தளப் பொறுப்பதிகாரிகளுக்கும், சிவில் விமான சேவைகள் அதிகார சபையினருக்கும், மாவட்டச் செயலகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வவுனியா ஓடுபாதையின் தென்கிழக்குப் பக்கம், வேலிக்கு வெளியே, ஒரு துண்டு நிலம் வேண்டும். வெயிலுக்கு ஒரு தகரக் கூரை. எதைப் படம் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக்கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை. கிழமையில் ஒரு காலை நேரம் திறந்துவிட்டால் போதும். விமானம் வருவதையும் போவதையும் பார்க்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும். வேறொன்றுக்கும் இல்லை.

நான் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று கமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஸ்டூடியோக்காரன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் என் கண் மேலேதான் போகும். விமானம் பார்ப்பது உலகத்தில் பல ஊர்களில் ஒரு சாதாரணப் பொழுதுபோக்கு. வன்னியில் அதைச் சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். ஏன் என்று உங்களுக்கும் தெரியும்.

உண்மையில் எங்களுக்கு விமானம் பார்க்க யாரும் பழக்கத் தேவையில்லை. நாற்பது வயது தாண்டிய எந்த வன்னி ஆளையும் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு வகை சொல்லுவார். தூரத்திலிருந்தே டக் டக் என்று காற்றை அடித்துக்கொண்டு வந்தால் அது பெல் 212 ஹெலி, அதற்கு மேலே சுழல்வது இரண்டே இரண்டு தட்டு. சத்தம் நெருக்கமாகவும் கனமாகவும் வந்தால் எம்.ஐ. வகை ஹெலி, ஐந்து தட்டு. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி இரைந்துகொண்டு நின்றால் வண்டு, அதாவது ஆளில்லா விமானம். கிபிர் என்ற குண்டு போடுகிற ஜெட் 1996இல் வந்தது. அதற்கு மட்டும் காது உதவாது. சத்தம் வந்து சேருகிறபோது அது தலையைத் தாண்டிப் போயிருக்கும். எங்கள் அம்மம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், “இது சாமான் ஏத்திற பிளேன், பிள்ளைகள் விளையாடட்டும்” என்பார். அவர் சொன்னால் நாங்கள் பங்கருக்குள் இறங்கமாட்டோம். அவர் சொன்ன பிளேனுக்கு அன்ரனோவ் என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்தப் பொழுதுபோக்கே பயத்தில் இருந்துதான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. பிரித்தானியாவில் 1925இல் பொதுமக்களைச் சேர்த்து ஒரு கண்காணிப்புப் படை அமைத்தார்கள். வருகிற விமானம் எந்த வகை, யாருடையது, எந்தத் திசையில் போகிறது என்று கண்ணாலும் காதாலும் அறிந்து சொல்வதுதான் அவர்களுடைய வேலை. இரண்டாம் உலகப் போரில் அவர்கள் செய்த வேலைக்காக 1941இல் அரச பட்டமும் கிடைத்தது. அந்தப் படையை 1995இல்தான் கலைத்தார்கள். போர் முடிந்தும் பழக்கம் போகவில்லை. விமான நிலைய வேலியோரங்களில் கொப்பியும் பென்சிலுமாக நிற்கிற கூட்டம் அந்தத் தலைமுறையிலிருந்து வந்தது. எங்களுக்கும் காது பழகிவிட்டது. ஆசைக்குப் பார்க்கிற காலம்தான் இன்னும் சரியாக வரவில்லை.

சரி, சின்னத் தளத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கட்டுநாயக்காவில் பெரிய ஜெட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். இங்கே ஒரு ஹெலி வரும், எப்போதாவது வை-12 என்ற சிறிய விமானம் ஒன்று வரும், சில காலைகளில் ஒன்றுமே வராது. அதுதான் எனக்குப் பிடித்தது. ஒன்றும் வராத நேரத்தில்தான் காற்றுப் பை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். மயில் ஒன்று ஓடுபாதைப் பக்கம் போகிறதே, அதை யாராவது கலைப்பார்களா என்று யோசிக்கத் தோன்றும். பெரிய விமான நிலையத்தில் இந்த அவகாசம் கிடைக்காது.

காற்றைப் பார்க்கத் தொடங்கினால் ஓடுபாதையும் விளங்கிவிடும். ஓடுபாதையின் எண் என்பது திசைகாட்டிப் பாகையில் கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டுச் சொல்வது. 05 என்றால் ஏறத்தாழ 50 பாகை, வடகிழக்கு. அதன் மறுமுனை 23, தென்மேற்கு. கட்டுநாயக்காவும் இரத்மலானையும் 04/22. பலாலியும் மத்தளையும் 05/23. சீனக்குடா 06/24. நாட்டின் நான்கு மூலையிலும் ஏறத்தாழ ஒரே சாய்வில் போட்டிருக்கிறார்கள். விமானம் எதிர்காற்றில் ஏறவும் இறங்கவும்தான் விரும்பும். எங்களுக்கு அடிக்கிற பெரிய காற்று இரண்டு. தென்மேற்கிலிருந்து வருவது சோழகம், வடகிழக்கிலிருந்து வருவது வாடை என்று சொல்லி எங்கள் அப்புமார் எந்தக் காற்றுக்குத் தோணி விட்டார்களோ, அதே காற்றுக்குத்தான் எஞ்சினியர்மாரும் தார் போட்டிருக்கிறார்கள். வவுனியாவும் இந்தச் சாய்வுதான். ஆனி, ஆடியில் சோழகம் வீசுகிறபோது விமானம் வடகிழக்குப் பக்கத்தால் வந்து இறங்கும். தையில் வாடை நின்று வீசினால் மற்றப் பக்கத்தால் வரும். இதைத் தெரிந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறவனுக்கு, விமானம் வருவதற்கு முன்னமே அது வரப்போகிற இடம் தெரியும். சின்னச் சந்தோசம்தான், ஆனால் அது ஒரு தனிச் சந்தோசம்.

தென்கிழக்குப் பக்கம் என்று குறிப்பாகக் கேட்டதும் இதனால்தான். காலையில் அங்கே நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், விமானத்தின் பக்கவாட்டில் முழு வெளிச்சமும் விழும். மற்றப் பக்கம் நின்றால் கறுப்பு உருவம் ஒன்றுதான் மிஞ்சும். காலை என்றும் குறிப்பாகக் கேட்கிறேன். எங்கள் வெயிலுக்கு எட்டரை, ஒன்பது மணிக்கே தார் சூடேறிக் கானல் எழும்பிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் கானலை வெல்லாது. நீண்ட லென்ஸாக இருந்தால் இன்னும் மோசம், கானலையும் சேர்த்துப் பெருப்பித்துக் காட்டும். சக்கரம் நெளியும், எழுத்து கரையும். மாரி மழை ஓய்ந்த அடுத்த காலை கிடைத்தால் அதை விடக்கூடாது. தூசி எல்லாம் படிந்து, அடிவானம் வரைக்கும் துப்புரவாகத் தெரியும்.

படம் பிடிக்கிறதைப் பற்றி ஒரு ஸ்டூடியோக்காரன் பேசாமல் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றாடி, அதாவது புரொப்பெல்லர், சுழல்கிற விமானத்தைப் பிடிக்கிறதுதான் உண்மையான சோதனை. ஷட்டரை ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒன்றுக்கு வைத்தால் எல்லாம் கூராக வரும், காற்றாடியும் சேர்ந்து உறைந்து நிற்கும். எஞ்சின் நின்றுபோன விமானம் ஆகாயத்தில் தொங்குகிற ஒரு படம். பார்க்கிறவன் பதறிப்போவான். 250இல் ஒன்று, பிறகு 125இல் ஒன்று என்று இறக்கிக்கொண்டு வந்தால்தான் தட்டுகள் கலங்கி ஒரு மெல்லிய வட்டமாகும். ஹெலிக்கு இன்னும் இறங்க வேண்டும். ஆனால் இறங்க இறங்க விமானமே கலங்கத் தொடங்கும். அதனால் இரண்டு காலையும் ஊன்றி, இடுப்புக்கு மேலே மட்டும் விமானத்தோடு ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டு, திரும்புகிறபோதே விரலை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் திரும்பலை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வால் இழுபட்டுவிடும். பத்து அழுத்தினால் ஒன்று தேறுவது பெரிய காரியம். மணவறையில் தாலி கட்டுகிற கணம் தப்பினால்கூட ஐயரிடம் கெஞ்சி, மாப்பிள்ளையை இன்னொரு தரம் கட்டுகிற மாதிரிக் காட்டச் சொல்லலாம். விமானியிடம் அது நடக்காது.

பழகுகிறவனுக்கு வை-12 நல்ல வாத்தியார். சீனாவின் ஹார்பினில் செய்த விமானம். இறக்கை மேலே, அதைத் தாங்க இரு பக்கமும் முட்டுக்கம்பி. சக்கரம் மடங்காது, பறக்கும்போதும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போகும். வேகமும் குறைவு, ஆறுதலாகப் பின்தொடரலாம். அன்ரனோவ் 32 வேறு சாதி. எஞ்சின்கள் இரண்டையும் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். அவ்வளவு பெரிய காற்றாடி நிலத்தில் முட்டாமல் இருக்க வேண்டுமே. கீழிருந்து பார்த்தால் தோளை உயர்த்திக்கொண்டு வருகிற ஒரு ஆள்தான் நினைவுக்கு வரும். பிறகு பதிவு எண். இலங்கை சிவில் விமானம் என்றால் 4ஆர் என்று தொடங்கும், இந்திய விமானம் என்றால் விடி. அதைக் குறித்து வைத்தால் ஒரே விமானம் திரும்ப வருகிறபோது பழகிய ஆளைக் கண்ட மாதிரி இருக்கும்.

பலாலி வன்னிக்கு வெளியே என்றாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஒக்டோபரில் அதை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். கொரோனாவோடு நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. அந்தப் பாதையில் பறக்கிறது ஏ.ரி.ஆர். 72 என்ற காற்றாடி விமானம். அதில் போகிறவர்கள் ஏறுவதற்கு முன் ஒருக்கால் வலப்பக்க எஞ்சினைப் பாருங்கள். பல நேரம் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், காற்றாடி மட்டும் அசையாமல் நிற்கும். பழுது இல்லை. அந்தக் காற்றாடிக்கு ஒரு பிரேக் இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, உள்ளுக்கு மின்சாரமும் குளிர்காற்றும் எடுக்கிறார்கள். ஹோட்டல் மோட் என்று சொல்லுவார்கள். பெரிய விமானங்களில் இந்த வேலைக்கு வாலில் தனியாக ஒரு சிறு எஞ்சின் இருக்கும். இதில் அந்தப் பாரம் மிச்சம். பக்கத்தில் நின்ற ஒரு ஐயாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது, “அப்ப இது லான்ட்மாஸ்ரர் உழவு மெசினை நியூற்றலில் விட்ட கதைதான்” என்றார். கிட்டத்தட்டச் சரி.

2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் காதும் இல்லை, பயமும் இல்லை. அக்காவின் மகன் எந்த விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற ஃபிளைட்ராடார்24ஐப் போனில் திறந்து வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்பான். “மாமா, அந்தா போறது டுபாயில் இருந்து மெல்பேர்ண். பெரியம்மா வீட்டுப் பக்கம்.” பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு புகை இல்லை, எஞ்சினில் இருந்து வருகிற நீராவி அந்த உயரத்துக் கடுங்குளிரில் உறைந்து வருகிறது என்று நான் சொன்னேன். மேலே காற்று ஈரமாக இருந்தால் கோடு கனநேரம் நின்று பரவும், காய்ந்த காற்று என்றால் விமானத்தின் பின்னாலேயே அழிந்துபோகும். அவன் இப்போது கோட்டைப் பார்த்துவிட்டு மழை வருமா என்று சாத்திரம் சொல்லத் தொடங்கியிருக்கிறான், அது வேறு தொல்லை. கொழும்பிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டால் அது மன்னார், பூநகரிப் பக்கமாகத்தான் வரும் என்பதையும் அவனே கண்டுபிடித்தான். பள்ளிக்கூடத்தில் புவியியலுக்கு அவனிடம் இந்த ஆர்வம் இருந்ததை நான் காணவில்லை.

உங்கள் தளத்துக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படை வவுனியாவில் இருந்தது. அதன் 22ஆம், 217ஆம் அணிகள் போஃபோர்ட் என்ற டோபிடோ விமானங்களோடு இங்கே தங்கியிருந்தன. கப்பலை மூழ்கடிக்கச் செய்த விமானம், கடல் இல்லாத இந்த ஊரில். காட்டுக்குள் மறைவாக இருந்துகொண்டு கடலுக்குப் போய்வர வசதி என்று பார்த்திருப்பார்கள். இன்றைக்கு வவுனியாவில் எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது தெரியும்? நான் கேட்கிற பலகையில் இரண்டு வரி இதற்கும் ஒதுக்குங்கள்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். இது படைத் தளம், எனக்கு அது மறக்கவில்லை. இப்போது என்ன நடக்கிறது என்றால், கமராவோடு றோட்டோரம் நிற்கிறவனிடம் யாராவது வந்து என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள். கேட்கிறவர் மரியாதையாகத்தான் கேட்பார். ஆனால் எது சரி, எது பிழை என்று அவர் காட்ட ஒரு கடதாசி இல்லை, நான் காட்டவும் ஒன்று இல்லை. இரண்டு பேருக்கும் சங்கடம். விதி கடுமையாக இருந்தால் பரவாயில்லை, எழுத்தில் இருந்தால் சரி. விமானக் கொட்டகைகளைப் பிடிக்காதே என்றால் பிடிக்கமாட்டோம். ஆட்களின் முகம் தெரியக்கூடாது என்றால் தெரியாது. வண்டு நிற்கிற பக்கம் திரும்பாதே என்றால் திரும்பமாட்டோம், அதைப் பார்த்தது எங்களுக்குப் போதும். படத்தை அன்றைக்கே இணையத்தில் போடாதே என்றால் அதுவும் சரி. ட்ரோன் நான் கேட்கவே இல்லை. ஓடுபாதைக்குப் பக்கத்தில் அதைப் பறக்கவிடுகிறவனை நீங்கள் பிடிக்கிறதுக்கு முன்னம் நாங்களே பிடித்துத் தருவோம். வாசலில் அடையாள அட்டையைப் பதிந்துவிட்டு உள்ளே விடுங்கள். வேண்டாத நாட்களில் பூட்டிவிடுங்கள்.

இது எங்கும் இல்லாத கேள்வியும் இல்லை. மான்செஸ்டரில் ஓடுபாதையோரம் ஒரு பூங்காவே போட்டு, நடுவில் ஒரு கொன்கோர்ட்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தோக்கியோவின் ஹனேடாவில் கட்டிடத்தின் மேல்தளத்தைப் பார்வையாளருக்கு விட்டிருக்கிறார்கள். அதெல்லாம் சிவில் நிலையம் என்பீர்கள். பிரித்தானியாவில் கொனிங்ஸ்பி, போர் விமானங்களின் தளம், அங்கேயும் வேலிக்கு வெளியே கமராவோடு நிற்கிறவர்களுக்கு இடம் இருக்கிறது. எங்கள் நாட்டிலேயே இரத்மலானையில் விமானப் படை அருங்காட்சியகத்தில் யாரும் போய்ப் பழைய விமானங்களைப் பார்க்கலாம். நிற்கிறதைக் காட்டுகிற நீங்கள் பறக்கிறதையும் கொஞ்சம் காட்டுங்கள் என்கிறேன். கிளிநொச்சி ஆட்கள் இதை வாசித்துவிட்டு இரணைமடுவையும் கேட்கச் சொல்வார்கள். அந்த ஓடுபாதையின் கதை கனம் கூடியது. அதை இந்த மடலுக்குள் இழுக்கவில்லை.

கடைசியாக, எங்கள் ஆட்களுக்கும் ஒரு சொல். நான் இதை எழுதப் போகிறேன் என்றதும் தெரிந்த ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: “குண்டு போட்டதைப் போய் வடிவு பார்க்கப் போறியோ?” அவருடைய வீட்டில் விழுந்தது எனக்குத் தெரியும். வை-12இலிருந்தும் குண்டு விழுந்த காலம் இருந்தது, நான் அதை மறைக்கவில்லை. அவரை நான் வேலியோரம் கூப்பிடமாட்டேன். ஹெலிச் சத்தத்துக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறவர்கள் இருக்கிற ஊரில், இந்தக் காலை நேரத்தை முன்கூட்டியே அறிவித்து வையுங்கள், தாழப் பறக்கிற வேடிக்கை எதுவும் எங்களுக்காகச் செய்யாதீர்கள். வழமையாக வருவதும் போவதும் போதும். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைக்கு விமானி ஆக வேண்டும் என்று ஆசை. அவன் இதுவரை ஒரு விமானம் சக்கரம் தொட்டு இறங்குவதைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. இரண்டு பேருடைய நியாயமும் நியாயம்தான். இரண்டாவது ஆளுக்கு ஒரு கூரை போட்டுத் தரலாம் என்கிறேன்.

கூரைக்கும் பலகைக்கும் ஆகிற செலவை நீங்கள் யோசிக்க வேண்டாம். இங்கேயுள்ள ஸ்டூடியோக்காரர்கள் நாங்கள் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம், பலகையின் படத்தையும் எழுத்தையும் நாங்களே அடித்துத் தருகிறோம். சிங்களத்தில் எழுதுகிறதை மட்டும் உங்களில் ஒருவர் சரிபார்த்துத் தாருங்கள். நிலம் எது, கிழமையில் எந்த நாள், என்னென்ன விதி என்று எழுத்தில் ஒரு கடிதம் வந்தால் அடுத்த வாரமே வேலையைத் தொடங்கலாம். தைப்பொங்கலுக்கு முன் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு தை மாதத்துக் கலியாணங்கள் தொடங்கிவிடும், எங்களில் ஒருவரையும் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு படப்பிடிப்பாளன்